யூனியன் ஆபீஸ் கதை: ஊர்ப்பணத்துக்கு யார் ஜாமீன்?

"ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்ற பலகையை நம் மாநிலத்தில் எந்தச் சாலையில் போனாலும் பார்க்கலாம். சம்பளம் கொடுப்பது அரசு, பாடநூல் கொடுப்பது அரசு, பலகையில் மட்டும் ஏன் ஒன்றியம் என்று இளம் ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். கொஞ்சம் நீளமான பதில். பொறுமையாகப் படியுங்கள்.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய நலத் திட்டம் இந்தியாவில் 55 இடங்களில் தொடங்கியது. ஒரு திட்டப் பகுதிக்குச் சுமார் 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். மூன்று ஆண்டுகளுக்கு 65 லட்சம் ரூபாய். ஊர் மக்கள் உழைப்பாகவோ நிலமாகவோ பணமாகவோ தங்கள் பங்கைத் தர வேண்டும், மீதியை அரசு தரும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி வந்து, நாடு முழுவதும் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டது. பி.டி.ஓ., கிராம சேவக் என்ற சொற்கள் நம் ஊர்ப் பேச்சுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

வேலைகள் நடந்தன. ஆனால் பணத்துக்கு ஒரு கெடு இருந்தது. 1958க்குப் பிறகு முதல் நிலை பிளாக்குக்கு ஐந்து ஆண்டுகளில் 12 லட்சம், இரண்டாம் நிலைக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம். அதற்குப் பிறகு? ஊர் தன் காலில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பத்து வருஷத்தில் ஓர் ஊர் வறுமையைக் கடந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் எந்த ஊரைப் பார்த்தார்களோ! இரண்டாம் நிலையும் முடிந்த பிளாக்குகளில் அலுவலகம் இருந்தது, ஜீப் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள். வேலை செய்யத்தான் பணம் இல்லை. நாட்டில் உணவுப் பஞ்சம் நெருக்கியதால் அரசின் கவனமும் தானிய உற்பத்திக்குத் திரும்பியது. 1960இல் நம் தஞ்சாவூருக்கு வந்த 'பேக்கேஜ் திட்டம்' அதன் அடையாளம். 1966இல் சமுதாய வளர்ச்சிக்கென்று இருந்த தனி அமைச்சகத்தையே உணவு, வேளாண்மை அமைச்சகத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

இந்த ஆபத்தை முன்பே பார்த்தவர்கள் உண்டு. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பிடம் பொறுப்பும் பணமும் போகாமல் இது நிலைக்காது என்று சொன்னது. சென்னை மாகாணம் அடுத்த ஆண்டே ஊராட்சிச் சட்டம் இயற்றியது. ஜில்லா போர்டுகள் கலைந்தன. 1960, 61இல் சுமார் 375 ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. பிளாக் எதுவோ அதுவே ஒன்றியம். தொடக்கப் பள்ளிகள் ஜில்லா போர்டிடமிருந்து ஒன்றியத்தின் கைக்கு வந்தன. பலகையின் கதை இதுதான். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1958 சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் நிதி ஏற்பாட்டை. ஊராட்சி வீட்டு வரி வசூலித்தால் அதற்குச் சமமான தொகையை அரசு 'ஈட்டு மானியம்' என்று தர வேண்டும். ஒன்றியத்துக்குக் கல்வி, சாலை, பாசனம் என்று தனித்தனி மானியங்கள். நிலவரியோடு சேர்ந்து வரும் தல வரி வேறு. அமைச்சரின் தயவில் வரும் பணம் அல்ல, சட்டப்படி சேர வேண்டிய பணம். அடுத்த வருஷம் சுமாராக எவ்வளவு வரும் என்று ஒரு தலைவர் கணக்குப் போட முடிந்தது.

அதே காலத்தில்தான் கல்வித் துறையில் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். காமராசர் காலத்து மதிய உணவிலும் அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு.

ஆனால் "நீ பாதி, நான் பாதி" என்ற ஏற்பாட்டில் ஒரு வஞ்சனை உண்டு. மச்சு வீடு நிறைந்த ஊரில் வரி அதிகம், அதனால் மானியமும் அதிகம். கூரை வீடுகளே இருக்கும் ஊரில் இரண்டும் குறைவு. எந்த ஊருக்குத் தேவை அதிகமோ அதற்கு வருவது குறைவு. வெள்ளைக்காரர்களும் இப்படித்தான். குடிமராமத்து பழைய வழக்கம் என்று சொல்லி, ஏரி பராமரிப்பின் ஒரு பகுதியைக் குடிகள் தலையில் வைத்தார்கள். ஆட்களைக் கட்டாயப்படுத்த 1858இல் ஒரு சட்டமே போட்டார்கள். 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது, அரசின் பங்கு எவ்வளவு என்ற கேள்விதான்.

நம் காலத்து உதாரணம் நமக்கு நாமே திட்டம். 1997-98இல் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல கட்டடங்கள் வந்தன, மறுக்கவில்லை. மில் முதலாளியோ வெளிநாட்டில் பிள்ளையோ உள்ள ஊர் பணத்தைக் கட்டிவிடும். மற்ற ஊர்? 2011இல் ஆட்சி மாறியதும் அது தன்னிறைவுத் திட்டம் ஆனது. 2021இல் மறுபடி நமக்கு நாமே. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் கிடைத்தது. அதுவும் 2011இல் நின்று, தாய் திட்டம் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். சண்டை வேண்டாம், ஆண்டுகளை மட்டும் பாருங்கள்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். அதைவிட முக்கியமானது பிறகு அவர்கள் செய்த ஒரு குமாஸ்தா வேலை! எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று மாநில பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் ஊர் ஊராக அச்சடித்தார்கள். சட்டசபையில் வைத்த தாளில் ஊரின் பெயரும் தொகையும் இருக்கும்போது அதைச் சத்தமில்லாமல் வேறு பக்கம் திருப்புவது கஷ்டம். 2001இல் அங்கே ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயரும் மாறியது. ஊராட்சிகளுக்கு நிதி ஒதுக்கும் முறை தொடர்ந்தது.

நாடு முழுவதற்கும் இந்த ஜாமீன் 73ஆவது திருத்தத்தில் வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் அமல். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், ஐந்தாண்டுக்கு ஒரு மாநில நிதி ஆணையம். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்ற அளவுக்கு வந்தோம். எவ்வளவு சிறிய ஊராட்சியானாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதும் வந்தது. ஈட்டு மானியத்தின் வஞ்சனைக்கு இது ஒரு மருந்து. மத்திய 15ஆவது நிதி ஆணையம் 2021-26க்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும் என்று கட்டியும் வைத்தது.

சட்டம் இருந்தும் ஓட்டை எங்கே என்கிறீர்களா? தேர்தலில். இங்கே 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நடந்தது. அதற்கடுத்து 1996. திருத்தம் வந்த பிறகும் 2016இல் தேர்தல் தடைபட்டு, 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி 14ஆவது நிதி ஆணையத்தின் மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேர்தலைத் தள்ளியது ஊர் அல்ல; பணம் நின்றது ஊருக்கு. 2025 ஜனவரி 5இல் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலோ கிணற்றிலோ பாலத்திலோ 1950கள், 60களின் கல்வெட்டு இருந்தால் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். மக்கள் பங்கு இவ்வளவு, அரசு பங்கு இவ்வளவு என்று அதில் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு அடித்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், எழுத்து தெரியும்.