பெப்பர்: ஒரு சொல்லின் பொருட்பெயர்ச்சி

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் 1957ஆம் ஆண்டில் மிளகுக்கென முன்பேர வணிகம் தொடங்கப்பெற்றது. அவ்வணிகத்தில் 'பெப்பர்' என்னும் ஆங்கிலச் சொல் மிளகை மட்டுமே குறித்தது. அமெரிக்கச் சமையல் நூல்களிலோ அதே சொல் மிளகாயையும் குடைமிளகாயையும் குறிக்கக் காண்கிறோம். இவ்வேறுபாட்டின் வரலாற்றையும், அது மொழிபெயர்ப்பில் விளைக்கும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடமொழியில் 'பிப்பலி' என்பது திப்பிலியின் பெயர். மிளகுக்கு 'மரீசம்' என்பதே வழக்கு. கிரேக்கர் திப்பிலியின் பெயரைப் 'பெபெரி' எனத் திரித்து, மிளகுக்கும் சேர்த்து வழங்கினர். முசிறியில் யவனர் பொன் தந்து பெற்ற சரக்கை அகநானூறு 'கறி' என்கிறது. பெரும்பாணாற்றுப்படை 'மிரியல்' என்கிறது. சரக்கு சேரநாட்டினது, அது மேலைநாட்டில் பெற்ற பெயரோ வேறொரு கொடியினது. இலத்தீன் வழியே அப்பெயர் ஆங்கிலத்தை அடைந்தது.

இரண்டாம் பெயர்ச்சி 1492க்குப் பின் நிகழ்ந்தது. கொலம்பசுடன் சென்றோர் கரிபியன் தீவுகளில் கண்ட காரக் காயை மிளகோடு ஒப்பிட்டனர். மிளகைக் குறிக்கும் 'பிமியெந்தா' என்னும் சொல்லிலிருந்து 'பிமியெந்தோ' என்னும் பெயரை இசுபானியர் அதற்கு இட்டனர். ஆங்கிலமோ பெயரைச் சிறிதும் மாற்றாது 'பெப்பர்' என்றே விரித்தது. தாவரவியலில் இவ்விரண்டும் உறவற்றவை. மிளகாய் கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தது.

கப்ராலின் போர்த்துக்கீசியக் கப்பல்கள் 1500இல் கொச்சியில் மிளகு ஏற்றின. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியே மிளகாய் இந்நாடு புகுந்தது. தமிழ் 'காய்' என்னும் சொல்லைச் சேர்த்து 'மிளகாய்' என வேறுபடுத்திக்கொண்டது. மலையாளத்தில் 'முளகு' என்பதே மிளகாய்க்கு உரியதாக, பழைய பொருள் 'குருமுளகு', 'நல்லமுளகு' என அடைபெற்றது. ஆகவே மலையாளத்தின் 'முளகு' என்பதைத் தமிழில் 'மிளகு' எனப் பெயர்ப்பதும் பிழையாகும்.

மொழிபெயர்ப்பாளர் மூன்றனை நோக்குதல் தகும். முதலாவது காலம்: 1492க்கு முற்பட்ட நூல்களில் 'பெப்பர்' மிளகையோ திப்பிலியையோ அன்றி மிளகாயைக் குறித்தல் இயலாது. இரண்டாவது இலக்கணம்: எண்ணலாகாப் பெயராயின் பெரும்பாலும் மிளகுத்தூள் அல்லது மிளகு, ஒருமை, பன்மை காட்டி வருமாயின் பெரும்பாலும் காய். மூன்றாவது இடம்: இந்திய ஆங்கிலத்தில் மிளகாய்க்குச் 'சில்லி', குடைமிளகாய்க்குக் 'காப்சிகம்' எனத் தனிச்சொற்கள் உள்ளமையால், 'பெப்பர்' பொதுவாக மிளகையே சுட்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் அவ்வாறு கொள்ளலாகாது.

அகராதி மூன்று பொருளையும் நிரலே தரும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையதே. அடையின்றி வரும் 'பெப்பர்' அனைத்தையும் 'மிளகு' என எழுதிச் செல்வது, ஆங்கிலத்தின் பொருள்மயக்கத்தை அஃதில்லாத தமிழின்மேல் ஏற்றுவதாகும்.