டிராக்கோனியன்
அளவுமீறிக் கடுமையான சட்டம், விதி, தண்டனை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. கி.மு. 621 அளவில் ஏதென்ஸ் நகரத்துக்கு முதன்முதலாகச் சட்டங்களை எழுத்தில் வகுத்துத் தந்த டிராக்கோவின் பெயரிலிருந்து பிறந்தது. வேலை செய்யாமல் திரிந்தவனுக்கும், கீரையோ பழமோ திருடியவனுக்கும்கூட அவர் மரண தண்டனை விதித்ததாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். பின்னர் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன், கொலை பற்றிய சட்டத்தைத் தவிர மற்ற அனைத்தையும் நீக்கினார். எஞ்சிய அந்தச் சட்டம் தெரிந்து செய்த கொலையையும் தெரியாமல் நேர்ந்ததையும் வேறுபடுத்தியது; கி.மு. 409 வாக்கில் அதை மீண்டும் கல்லில் பொறித்தார்கள். குடும்பங்கள் பழிக்குப் பழி வாங்கிய காலத்தில் இந்த வேறுபாடு பெரிய முன்னேற்றம். டிராக்கோவின் பெயர் கொடுமைக்கு மட்டுமே நிலைத்தது நியாயமல்ல.

அதிகாரம் உள்ளவர் பிறர்மீது சுமத்தும் கட்டுப்பாட்டுக்கே இச்சொல் உரியது. விசாரணையின்றி நெடுநாள் சிறையில் அடைக்கும் சட்டத்துக்கும், ஐந்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கும் அலுவலக விதிக்கும் பொருந்தும். இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவையும் பொடாவையும் எதிர்த்தவர்கள் ஆங்கிலத்தில் இச்சொல்லையே கையாண்டார்கள். கொளுத்தும் வெயிலுக்கு இது ஆகாது. அதற்கு ஹார்ஷ் (harsh) என்ற சொல் போதும். நாயை அடிப்பவன் குரூயல் (cruel)தான், டிராக்கோனியன் அல்ல. வெறும் கண்டிப்புக்கும் இதைப் போடக் கூடாது; தண்டனை குற்றத்தை விஞ்சியிருக்க வேண்டும்.