மனவெழுச்சி நுண்ணறிவு: பயிற்சியால் உயர்வது எது?

பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் 1990இல் வரையறுத்த மனவெழுச்சி நுண்ணறிவு, டேனியல் கோல்மனின் 1995ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகே பயிலரங்குச் சரக்கானது. பயிற்சியால் அது வளருமா என்ற முறையான சோதனைகள் பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான் வந்தன. வளரும் என்பதே என் முடிவும். ஆனால் வளர்வது முழு நுண்ணறிவு அல்ல, அதன் சில கூறுகள் மட்டுமே.

பெல்ஜியத்தில் டெல்ஃபின் நெலிஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது. இரு குழுக்களும் சேர்ந்து 37 பேர்தான். ஒரு குழுவுக்கு இரண்டரை மணி நேர அமர்வுகள் நான்கு நடந்தன. உணர்ச்சியை இனங்காண்பதிலும் கையாள்வதிலும் அவர்கள் முன்னேறினார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் குறையவில்லை. எந்தச் சூழல் எந்த உணர்ச்சியை எழுப்பும் என்று அறியும் திறனிலோ மாற்றம் தெரியவில்லை. முழு நுண்ணறிவும் உயர்ந்தது என்று சொல்ல இந்த ஆய்வு இடம் தராததற்கு இதுவே காரணம். இன்னொரு குறையும் உண்டு. ஒப்பீட்டுக் குழு எதுவும் செய்யாமல் வழக்கம்போல இருந்தது. பயிற்சி தந்த பலன் எது, நாலு பேருடன் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதன் பலன் எது என்று எப்படிப் பிரிப்பது? அதே குழுவினர் 2011இல் நாடகப் பயிற்சி பெற்ற ஒரு குழுவையும் ஒப்பீட்டில் சேர்த்தது இந்த வகையில் பெரிய திருத்தம்.

அதே ஆண்டில் இலியோஸ் கோட்சு குழுவினர் 132 பேரிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வையே நான் வலுவான சான்றாகக் கொள்கிறேன். பதினைந்து மணி நேரப் பயிற்சி, அதன்பின் நான்கு வாரம் மின்னஞ்சல் வழித் தொடர்ச்சி. பயின்றவர்களின் வாக்கை மட்டும் அவர்கள் நம்பவில்லை; நெருங்கியவர்களிடமும் கேட்டார்கள், மன அழுத்த இயக்குநீரான கார்டிசாலின் சுரப்பையும் அளந்தார்கள். சுரப்பு குறைந்தது, மாற்றங்கள் ஓராண்டு நிலைத்தன.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. பயிலரங்கு முடியும் தறுவாயில் கையில் தரப்படும் படிவத்தைப் பாருங்கள். ‘என் கோபத்தை என்னால் கட்டுப்படுத்த முடிகிறது’ என்ற வரிக்கு ஐந்துக்கு எத்தனை? அன்று முழுவதும் அதையே கேட்டவர் நான்கோ ஐந்தோ போடுவார். அந்த மதிப்பெண் திறனைவிடப் பாடத்தின் நினைவையே காட்டுகிறது. திறன் தேர்வுகளும் தப்பவில்லை. மேயர், சலோவி, கருசோ மூவரின் 141 வினாக்கள் கொண்ட தேர்வில் சரியான விடை எது என்பது பெரும்பான்மையோரின் தெரிவையோ 21 வல்லுநரின் தெரிவையோ ஒட்டி அமைகிறது. பெரும்பான்மை வழித் திருத்தத்தில், ஊரோடு ஒத்துப்போகிறவருக்கே மதிப்பெண் கூடும்!

மாட்டிங்லியும் கிரைகரும் 2019இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பயிற்சியின் விளைவு நடுத்தர அளவில் இருந்தது. நடுத்தரம் என்பது புறந்தள்ளக்கூடியது அல்ல. ஆளையே மாற்றிவிடுவோம் என்ற விளம்பரத்துக்கு மட்டும் அது போதாது.

பயிற்சிக்குப் பணம் செலவிடும் பள்ளிகளும் நிறுவனங்களும் இனி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது? பயின்றவரைத் தவிர வேறு யார் மதிப்பிட்டார்கள்? ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லாத பயிற்சியை மறுத்துவிடலாம்.