வெண்மையின் விலை: கோப்பி வடிதாளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுக்கு மட்டுமன்றி, அடுக்களைப் பொருட்களுக்கும் வரலாறு உண்டு. ஒருமுறை பயன்பட்டபின் எறியப்படும் கோப்பி வடிதாள் இதற்குத் தக்க சான்றாகும். கோப்பையிலிருந்து அகற்றப்படும் அழுக்கு இறுதியில் எங்கே சென்று சேர்கின்றது என்னும் வினாவை அதன் வரலாறு எழுப்புகின்றது.

கோப்பித் தூளை நீரிலிட்டுக் காய்ச்சி, மண்டி அடியிற் படியும்வரை காத்திருந்து பருகுவதே அரபு, துருக்கிய மக்களின் பழைய முறையாகும். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சில் துணிப்பை வழக்கிற்கு வந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலே துளையிட்ட உலோகப் பாத்திரங்கள் தோன்றின. துணியிற் பழைய கோப்பியின் வாடை தங்கிற்று. உலோகத் துளைகளின் வழியே நுண்டூள் இறங்கிற்று. இக்குறைகளுக்குத் தீர்வு கண்டவர் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிற்றா பென்ற்ஸ் என்னும் இல்லத்தரசியாவார். துளையிட்ட பித்தளைப் பாத்திரமொன்றினுள் தம் மகனின் அப்பியாசப் புத்தகத்திலிருந்து எடுத்த மையொற்றுத் தாளை இட்டு அவர் கோப்பியை வடித்தார். 1908ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இம்முறைக்குப் பதிவுரிமை கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் அவரது வர்த்தக நிறுவனமும் பதிவாயிற்று. 1930களிற் கூம்பு வடிவ வடியும் அதற்கேற்ற தாளும் பரவலாயின.

கோப்பி தெளிவுற்றது. ஆயின் தாளின் தெளிவு வேறொரு கதையாகும். மரக்கூழ் இயல்பிலே கபில நிறமானது. அதிலுள்ள இலிக்னின் என்னும் பொருளே அந்நிறத்திற்குக் காரணம். வெண்மையே தூய்மையின் அடையாளம் எனக் கொள்ளப்பட்டமையால், காகித ஆலைகள் குளோரின் வாயுவினாற் கூழை வெளுத்தன. குளோரின் இலிக்னினோடு தாக்கமுறும்போது டயொக்சின் முதலிய நச்சுச் சேர்வைகள் தோன்றிக் கழிவுநீரோடு ஆறுகளிற் கலந்து, மீன்களின் கொழுப்பிற் சேர்ந்தன. 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் ஆலைகளுக்குக் கீழுள்ள ஆற்றுப் பகுதிகளின் மீன்களில் டயொக்சின் காணப்பட்டது. வெளுத்த காகிதப் பொருட்களிலும் அதன் நுண்ணளவு கண்டறியப்பட்டது. இச்சேர்வைகளுள் மிகக் கொடியதை 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பதாக வகைப்படுத்தியது. வெண்மை கோப்பியின் தெளிவுக்கு உதவியதன்று என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. கண்ணுக்கினிய ஒரு நிறத்திற்கான விலையை ஆறுகளே செலுத்தின.

இதன் விளைவாக, வெளுக்காத கபிலத் தாளும், ஒட்சிசன், ஐதரசன் பேரொட்சைட்டு முதலியவற்றால் வெளுத்த தாளும் சந்தைக்கு வந்தன. வேறு பல ஆலைகள் குளோரின் வாயுவைக் கைவிட்டுக் குளோரினீரொட்சைட்டைக் கையாண்டன. இதனால் டயொக்சின் பெரிதும் குறைந்தது.

எனினும் கபிலத் தாளும் ஒருமுறையே பயன்படுவது. எனவே தாளையே விலக்கி, பல்லாண்டு உழைக்கும் உலோக வடியை நாடுவது முறையெனத் தோன்றும். தமிழ்நாட்டு இல்லங்களின் ஈரடுக்குப் பித்தளை வடி அவ்வகையினதே. ஆனால் இவ்விடத்தில் மருத்துவ ஆய்வும் கவனிக்கப்பட வேண்டும். 1983இல் வெளியான நோர்வேயின் துரொம்சோ நகர ஆய்வு, கோப்பிக்கும் குருதிக் கொலஸ்திரோலுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டிற்று. கோப்பியெண்ணெயிலுள்ள கபெஸ்டோல் என்னும் பொருளே இதற்குக் காரணமென்றும், காகிதம் அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றதென்றும் பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. உலோகத் துளைகள் அதனைக் கூடுதலாகச் செல்லவிடுகின்றன.

ஆகவே அனைவர்க்கும் பொருந்தும் ஒரே வடி இல்லை. கொலஸ்திரோல் மிகுந்தோர் குளோரின் படாத தாளைத் தேர்ந்து, மண்டியோடு அதனைக் கூட்டெருவாக்கலாம். ஏனையோர்க்கு உலோக வடியோ, நாள்தோறும் கழுவி உலர்த்தும் துணியோ ஏற்றதாகும். எதைத் தேர்ந்தாலும் மறத்தலாகாத உண்மையொன்றுண்டு: வடித்தல் என்பது அழுக்கை அழிப்பதன்று, இடம் மாற்றுவதேயாகும். சென்ற நூற்றாண்டு அவ்விடத்தைப் பாராது கோப்பையை மட்டுமே பார்த்தது. சுற்றாடல் பற்றிய சிந்தனை, கோப்பைக்கு அப்பாலும் பார்க்கத் தொடங்கும்போதே பிறக்கின்றது.