சொல்லுக்குள் நுழைவதும் சொல்லைக் கலைத்துக் கட்டுவதும்: சுண்டானியமும் எபிரேயமும்

மேற்கு சாவகத்திலும் பாண்டனிலும் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் சுண்டானியம் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எபிரேயம் செமித்தியக் குடும்பத்தது. இவற்றிடையே பிறப்புவழி உறவு ஏதும் நிறுவப்படவில்லை. ஆயினும் அகராதிகளைப் பக்கத்தில் வைத்துப் புரட்டுவோர் சுண்டானியத்தின் 'கிதாப்', 'சலாம்', 'சப்து' (சனிக்கிழமை) ஆகியவற்றுக்கு எதிரே எபிரேயத்தின் 'கெதாவ்', 'ஷாலோம்', 'ஷப்பாத்' ஆகியவற்றைக் கண்டு மயங்குவதுண்டு. அரபு எபிரேயத்தின் உறவுமொழி. அரபுச் சொற்கள் இசுலாத்துடன் சாவகத் தீவுக்கு வந்தன. ஒப்புமைக்கு இதுவே காரணம். இதற்குமேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டிய ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. இரு மொழிகளும் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்ப்பதோடு நில்லாமல் அதன் உள்ளேயும் மாற்றம் செய்கின்றன. இதனால் மொழியியல் அறிமுக நூல்கள் சில இரண்டையும் 'அகமாற்றம்' என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகின்றன. இவ்வாறு சேர்ப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். கடன்சொற்களை உரைகல்லாகக் கொண்டால் இது தெளிவாகும்.

முதலில் தரவுகள். சுண்டானியத்தில் 'புதக்' என்பது குழந்தை. 'பருதக்' என்பது குழந்தைகள். முதல் மெய்யை அடுத்து 'அர்' நுழைந்து பன்மை காட்டுகிறது. இது வினையிலும், சில சொற்களில் 'அல்' என்ற வடிவில், வரும்: 'தஹர்' (உண்), 'தலஹர்' (பலர் உண்). தமிழ் இலக்கணத்தின் இடைநிலையோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. நம் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது. 'அர்' பகுதியையே பிளந்து உட்புகுவது. எனவே இதை உள்ளொட்டு என்கிறேன்.

எபிரேயத்தில் க்-த்-வ் என்ற மெய்த்தொடர் 'கதாவ்' (எழுதினான்), 'கொதேவ்' (எழுதுகிறான்), 'மிக்தாவ்' (கடிதம்) எனப் பலவாறு உயிரேற்கிறது. வினைக்கு ஏழு கட்டமைப்புகள் உண்டு. கெடு, கேடு எனவரும் நம் முதனிலை திரிந்த தொழிற்பெயரை இதற்கு அருகில் வைக்கலாம். ஆனால் தமிழில் ஒரு மூலையில் நிகழ்வது அங்கே வினையமைப்பு முழுமைக்கும் அடிப்படை.

இனிக் கடன்சொற்கள். எபிரேயம் 'தெலெஃபோன்' என்ற சொல்லை வாங்கி அதிலிருந்து 'தில்ஃபேன்' (தொலைபேசினான்) என்ற வினையை ஆக்கிக்கொண்டது. மூலத்தின் உயிர்கள் உதிர்ந்தன. த்-ல்-ஃப்-ன் மட்டும் எஞ்சி, இ-ஏ என்ற வாய்பாட்டு உயிர்களை ஏற்றன. சுண்டானியமோ படம்பிடித்தலைக் குறிக்கும் டச்சு வழிச் சொல்லான 'மொத்ரெத்' என்பதை 'மலொத்ரெத்' என்று பன்மையாக்குகிறது. பழைய உயிர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாக வந்தது 'அல்' மட்டுமே.

இன்னும் கூர்மையான சான்று அரபிலிருந்தே கிடைக்கிறது. சுண்டானியத்தின் 'ஹொர்மத்' (மரியாதை), 'ஹராம்' (விலக்கப்பட்டது) இரண்டும் அரபின் ஹ்-ர்-ம் வேரில் பிறந்தவை. எபிரேயத்தின் 'ஹெரெம்' இவ்வேருக்கு உறவுடையது. செமித்தியச் செவிக்கு இவை ஒரே குடும்பம். சுண்டானிய இலக்கணத்துக்கு அப்படியில்லை. அங்கே 'ஹொர்மத்' பகுக்கவியலாத ஒரு முழுச்சொல். அதன் பன்மை 'ஹலொர்மத்'. வேர் தன் ஊரிலேயே தங்கிவிட, சொல் மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. மொழியியலாளர் ஊட்டி பாட்-எல் 1994இல் வெளியிட்ட ஆய்வில், தற்கால எபிரேயம் கடன்சொல்லிலிருந்து மெய்வேரைப் பிரித்தெடுப்பதில்லை என்று வாதிட்டார். 'ட்ரான்ஸ்ஃபர்' என்பதிலிருந்து வந்த வினை 'ட்ரின்ஸ்ஃபேர்'. மூலச்சொல்லின் மெய்ம்மயக்கங்கள் அதில் அப்படியே பேணப்படுகின்றன. வெறும் மெய்வரிசை மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் மயக்கம் எங்கே இருந்தது என்ற நினைவு எஞ்சியிராது. இது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் வேர் என்ற கருத்தை முற்றிலும் கைவிட்டாலும் மூல உயிர்கள் அழிந்து வாய்பாட்டு உயிர்கள் அமர்வது உண்மையாகவே நிற்கிறது. சுண்டானிய உள்ளொட்டு ஓர் உயிரையும் அழிப்பதில்லை. ஆகவே பிளவு வேர் உண்டா இல்லையா என்பதில் இல்லை. இருப்பது மேலெழுதப்படுகிறதா என்பதில்தான்.

'அர்' எப்போது 'அல்' ஆகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 'தஹர்', 'ஹொர்மத்', 'மொத்ரெத்' மூன்றிலும் ரகரம் பின்னே வருகிறது. இரு ரகரங்கள் நேர்வதைத் தவிர்க்கவே ஒட்டு லகரமாகிறது. ஆனால் பகுதியின் இரண்டாம் அசை ரகரத்தில் தொடங்கினால் மாற்றமில்லை: 'சுரிகா' (ஐயுறு), 'சருரிகா'. லகரத்தில் தொடங்கும் 'லும்பத்' (ஓடு) 'லலும்பத்' ஆகிறது. ரகரத்தில் தொடங்கும் 'ரஹித்' (காயமுற்ற) 'ரரஹித்' ஆகிறது. ஓரிடத்தில் விலக்கும் ஒலிகளை மற்றோரிடத்தில் இதே மொழி விரும்பிச் சேர்க்கிறது. எளிய சூத்திரத்துக்குள் இது அடங்காது.

எபிரேயமும் ஒத்த மெய்களை விலக்கும். செமித்திய வினைவேர்களில் முதலிரு மெய்கள் ஒன்றாயிருப்பதும் ஒரே இடத்துப் பிறப்பதும் மிக அரிது, கடைசி இரண்டும் ஒன்றாகலாம் என்பதை மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1950இல் விளக்கினார். ஆனால் அது சொற்களஞ்சியத்தில் உறைந்த கட்டுப்பாடு: எந்த வேர் இருக்கலாம், எது இருக்கலாகாது என்று வரையறுப்பது. சுண்டானிய விதியோ ஒட்டுச் சேரும் ஒவ்வொரு முறையும் புதிதாக இயங்குகிறது. டச்சிலிருந்து வந்து சேர்ந்த சொல்லையும் விடுவதில்லை.

இந்த உரைகல் சுண்டானியத்தோடு நிற்பதன்று. அதன் உறவுமொழியான தகாலோகில் 'உம்' என்ற உள்ளொட்டு உண்டு. 'காயின்' (உண்) 'குமாயின்' ஆகும். ஆங்கிலத்திலிருந்து வாங்கிய 'க்ராத்வெத்' (பட்டம் பெறு) என்ற சொல்லில் 'கும்ராத்வெத்', 'க்ருமாத்வெத்' என இரு வடிவங்களும் வழங்குகின்றன. ஒட்டு நுழையும் இடத்தில் தடுமாற்றம் உண்டு. மூல உயிர்களில் ஒன்றுகூட மாறவில்லை.