நிலத்தடி நீரும் ஜனாஸாவும்: கொவிட் கால இலங்கையின் கட்டாயத் தகனம்

கொவிட் நோயால் இறந்தவரின் உடலை 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எரிக்க வேண்டும். இலங்கைச் சுகாதார அமைச்சு 2020 ஏப்ரல் 11 அன்று வெளியிட்ட வர்த்தமானி இவ்வளவு துல்லியமாக விதித்தது. அதற்கு இரண்டரை வாரம் முன்புதான், தொற்றில் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. அமைச்சின் முதல் வழிகாட்டலும் அடக்கத்துக்கு இடம் தந்தது; மார்ச் மாத முடிவில் அது மாற்றப்பட்டது.

வர்த்தமானிக்கு அதிகாரம் தந்தது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது பிரிட்டிஷ் இந்தியா தன் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியதும் அதே ஆண்டில்தான். இரண்டிலும் ஆள்வோருக்கு அதிகாரம் தாராளம். ஆளப்படுவோருக்குக் காரணம் சொல்லும் கடமை சொற்பம்.

எரித்தே ஆகவேண்டும் என்பதற்குச் சொல்லப்பட்ட வாதம் நிலத்தடி நீர். பல இடங்களில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, புதைத்த உடலிலிருந்து கிருமி கிணற்றுக்குள் கசியலாம் என்றார்கள். புதிய கிருமி, தெரியாத குணம், அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் முன்னெச்சரிக்கைக்கும் ஒரு இலக்கணம் உண்டு. உரிமைகளை மட்டுப்படுத்துவது பற்றி 1984இல் வகுக்கப்பட்ட சிராகூசா கோட்பாடுகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன: தடை சட்டப்படி இருக்க வேண்டும், உண்மையிலேயே தேவைப்பட வேண்டும், இருக்கும் வழிகளில் மிகக் குறைவாக உரிமையைப் பறிப்பதாக இருக்க வேண்டும், பாகுபாடு காட்டக் கூடாது. நீர்மட்டம் தாழ்ந்த வறண்ட நிலத்தில் அடக்கம் செய்யலாமே என்பது எவருக்கும் உடனே தோன்றக்கூடிய மாற்று வழி. அதை ஏற்க அரசுக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இந்த விதியின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. தகனம் வழக்கமாயிருந்த குடும்பங்களுக்கு அது சடங்கின் சுருக்கம். முஸ்லிம்களுக்கோ, ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுது, மண்ணில் நல்லடக்கம் செய்யும் கடமையே தடைப்பட்டது. கத்தோலிக்கர் பலரும் பாதிக்கப்பட்டனர். பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தை 2020 டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. அதன்பின் கொழும்பின் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அதே மாதத் தொடக்கத்தில், விதியை எதிர்த்த மனுக்களை நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் காரணம் எதையும் தெரிவிக்காமல் தள்ளுபடி செய்திருந்தது. விஞ்ஞானம் பேசியதாகச் சொல்லப்பட்ட விஷயத்தில் நீதிமன்றமும் வாய் திறக்கவில்லை என்பதை எளிதில் கடந்துபோக முடியாது.

உடலிலிருந்து உண்மையாகவே நோய் பரவிய ஓர் இடத்தோடு இதை ஒப்பிட்டால் பிழை எங்கே என்று புரியும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா தாக்கியது. இறந்தவரைத் தொட்டுக் கழுவும் சடங்குகளே தொற்றின் பெரிய வாசல்களில் ஒன்று. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 விழுக்காடு அடக்கத்தின்போது நேர்ந்தவை என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. லைபீரிய அரசு ஆகஸ்டில் தலைநகர் மன்ரோவியாவில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அந்த நாட்டில் எரிக்கும் வழக்கம் இல்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கி அலங்கரிப்பதற்கென்றே அங்கே ஒரு விடுமுறை நாள் உண்டு. சாம்பலில் எதை அலங்கரிப்பது? குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன, இரவில் கள்ளத்தனமாகப் புதைத்தன. கட்டாயம் தொற்றைக் குறைப்பதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டது.

அங்கே அரசு பாடம் கற்றது. டிசம்பரில் தலைநகருக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் பாதுகாப்பான மயானம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, நவம்பரில், சமய அமைப்புகளைக் கலந்தாலோசித்து உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறை வெளியிட்டிருந்தது. முஸ்லிம் உடலை நீரால் கழுவாமல், நீரின்றித் தூய்மைப்படுத்தும் தயம்மும் செய்யலாம் என்பது வரை அதில் விவரம் இருந்தது. உயிரைக் கொல்லும் அளவுக்கு ஆபத்தான உடலுக்கே கண்ணியமான வழி கண்டுபிடிக்க முடிந்தது. ஆபத்து நிரூபிக்கப்படாத உடலுக்குக் கொழும்பில் முடியவில்லை என்றால், காரணத்தை ஆய்வுக்கூடத்தில் தேடிப் பயனில்லை.

அச்சம் மக்களிடமிருந்தும் எழும் என்பதை மறுப்பதற்கில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொவிட்டால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் ஒன்று கல்லெறிந்து விரட்டியது. ஆனால் அங்கே அரசு கும்பலின் பக்கம் சாயவில்லை. அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை அதே மாதத்தில் கொண்டுவந்தது. இலங்கையில் அச்சத்துக்கு வர்த்தமானி முத்திரையே கிடைத்தது.

2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் உள்ளிட்ட தொழில்முறை அமைப்புகள் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றன, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களும் கட்டாயத் தகனத்தைக் கண்டித்தார்கள். விதி மாறியது பிப்ரவரி இறுதியில்தான். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற கையோடு, ஜெனிவாவில் இலங்கை குறித்த மனித உரிமைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்த வேளையில் அது நடந்தது. நிலத்தடி நீரின் குணம் அந்த வாரத்தில் மாறிவிடவில்லை.

மாற்றம் வந்த விதமும் கவனிக்கத் தக்கது. அடக்கத்துக்கென முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. போரால் 1992இல் பெயர்ந்து, கடற்படையிடம் நிலத்தைக் கேட்டுப் போராடி, 2018இல்தான் திரும்பி வந்த கத்தோலிக்கத் தமிழ் மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள், அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு சிறுபான்மையின் துயரைத் தீர்க்க இன்னொரு சிறுபான்மையின் வாசலைத் தட்டுவதை நிர்வாகத் திறமை என்று சொல்ல முடியாது. கடைசியில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் மார்ச் 5 அன்று அடக்கம் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் அங்கே 3,000க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர்; முஸ்லிம்களோடு பிற சமயத்தாரும் அவர்களில் உண்டு. நாட்டின் எங்கிருந்தும் உடலை அங்கேதான் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2022 மார்ச்சில் நீங்கியது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசே கணக்குச் சொன்னது. சமய வழக்கப்படி அடக்கமோ தகனமோ செய்யும் உரிமையை உறுதிசெய்யச் சட்டம் கொண்டுவருவதாகவும் அறிவித்தது. இறுதிச் சடங்கோடு நின்றுவிடும் சட்டம் போதாது. அடுத்த தொற்றில் தடைபடுவது சடங்காக இல்லாமல் சந்தையாகவோ பள்ளிக்கூடமாகவோ இருக்கலாம். 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையே திருத்த வேண்டும்: அதன் கீழ் வரும் ஒவ்வொரு ஒழுங்குவிதியும் ஆதாரத்தைப் பகிரங்கமாக வைத்து, காலாவதித் தேதியோடு, பாதிக்கப்படுவோரைக் கேட்ட பின்பே வெளிவரட்டும்.