கஞ்சா காயப்போட்ட கதை - ஒரு காமர்ஸ் மாணவனின் கணக்கு

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் என் அப்பாவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நான் நல்ல பையன்தான் :) இது சரித்திரக் கட்டுரை. அதுவும் பாதி காஸ்ட் அக்கவுண்டிங்.

விஷயம் கடலையில் ஆரம்பித்தது. போன அறுவடையில் அப்பாவோடு விழுப்புரத்தில் ஒரு மண்டிக்குப் போயிருந்தேன். நாலு நாள் களத்தில் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காயவைத்த மல்லாட்டை (எங்க ஊர்ப் பக்கம் வேர்க்கடலைக்கு இதுதான் பேர்). மண்டிக்காரர் ஒரு காயை உடைத்தார், பருப்பை விரலால் நசுக்கினார், "ஈரம் இருக்கு சார்" என்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று கழித்து எழுதிவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிலோ கடலையில் 20 சதவீதம் ஈரம் இருந்து, அது 8 சதவீதத்துக்கு இறங்கினால், மிஞ்சுவது சுமார் 87 கிலோ. 13 கிலோ காற்றில் போய்விட்டது. பிராசஸ் காஸ்டிங்கில் இதற்குச் 'சாதாரண இழப்பு' என்று பேர். பரீட்சையில் இரண்டு மார்க். அப்பாவுக்கு அது ஒரு மாதச் செலவு.

காய்ந்துபோகும் ஒரு சரக்குக்கு எந்த நிலையில் எடை போடுவது, எந்த எடைக்கு விலை, அந்த எடையை யார் எழுதுவது? இதைத் தேடிக்கொண்டு போனதில்தான் 1893ல் வெள்ளைக்காரன் இதே கேள்வியைக் கஞ்சாவை வைத்துக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

கமிஷன் வந்தது

அப்போது இந்தியாவில் கஞ்சா சட்ட விரோதம் இல்லை. லைசென்ஸ் கடையில் விற்றார்கள், அரசாங்கத்துக்கு வரி வந்தது. 1893 மார்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர், இந்தியாவில் இந்தச் சரக்கால் மக்கள் கெட்டுப்போகிறார்களே, விசாரித்தீர்களா என்று கேட்டார். அந்த ஜூலையிலேயே இந்தியச் சணல் மருந்துகள் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் மேக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். 70 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயார் செய்து, மாகாணம் மாகாணமாகப் போய் 1,193 சாட்சிகளிடம் விவரம் வாங்கினார்கள். 1894ல் அறிக்கை வந்தது. மொத்தம் ஏழு தொகுதி.

ஒழுக்கம், மதம், குற்றம் என்று பல கேள்விகள் இருந்தாலும், எனக்குப் பிடித்தது செடியை எப்படி வளர்க்கிறார்கள், எப்படிக் காயவைக்கிறார்கள் என்று விசாரித்த பகுதிதான். காரணம், அங்கேதான் வரி ஒளிந்திருந்தது.

மூன்று விதமாகக் காயவைத்தால் மூன்று விதமான வரி

அன்றைக்குக் கஞ்சா விவசாயத்தை ஒரு பெரிய தொழிலாக நடத்தியது வங்காளத்தின் ராஜஷாஹி மாவட்டத்தில் இருந்த நவ்காவ் (இப்போது பங்களாதேஷ்). அங்கே 'பொத்தார்' என்று ஒருவர் வயலுக்கு வருவார். ஆண் செடிகளை அடையாளம் பார்த்துப் பிடுங்கிப் போடுவதுதான் அவர் வேலை. ஆண் செடி நின்றால் பெண் பூவில் விதை பிடித்துவிடும், பிசின் குறைந்துவிடும். இங்கிலீஷ்காரர்கள் அவருக்குக் 'கஞ்சா டாக்டர்' என்றே பேர் வைத்திருந்தார்கள்.

அறுவடை முடிந்ததும் கதை இரண்டாகப் பிரிகிறது. வெயிலிலும் பனியிலும் போட்டு வாடவைத்த பிறகு, கிளைகளைப் பரப்பி ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துத் தட்டையாக்கினால் அது சப்பட்டை கஞ்சா. (வங்காளியிலும் 'சப்டா' என்றுதான் சொல்கிறார்கள், நம்ம சப்பட்டை மாதிரியே இருக்கிறது பாருங்கள்.) அதையே சிறு கொத்தாக எடுத்து, மூங்கிலைப் பிடித்து நின்றுகொண்டு காலடியில் உருட்டி உருட்டி எடுத்தால் உருண்டைக் கஞ்சா. இந்த இரண்டு வேலையிலும் உதிர்ந்து விழும் பூத்தூளுக்குச் 'சூர்' என்று பேர். நம் பாஷையில் தூள்.

செடி ஒன்று, வயல் ஒன்று, ஆளும் ஒன்று. ஆனால் சேருக்கு வரி மூன்று விதம். சப்பட்டையில் குச்சி அதிகம், அதனால் குறைந்த வரி. உருண்டையில் குச்சி குறைவு, அதைவிட அதிகம். தூளில் குச்சியே கிடையாது, அதற்குத்தான் ஆக அதிகம். அதாவது பயனில்லாத எடைக்கு வரி வாங்கக் கூடாது என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மண்டியில் ஈரத்தைக் கழிக்கிற அதே தத்துவம். இங்கே மட்டும் அது விவசாயிக்கு எதிராகப் போகாமல், சரக்கின் தரத்தைப் பார்த்துப் போயிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வருடம் தாண்டினால் சரக்கின் வீரியம் குறைந்துவிடும், அதற்கும் மேலே போனால் குப்பைதான் என்று வங்காளத்துச் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். குடோனில் இருக்கும் ஸ்டாக்குக்குத் தேய்மானம்! காரணம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1890களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூன்று பேர் இந்தியச் சரஸிலிருந்து கன்னாபினால் என்ற பொருளைப் பிரித்தார்கள், போதைக்குக் காரணம் அதுதான் என்று நினைத்தார்கள். 1964ல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் டிஎச்சி என்ற உண்மையான சங்கதியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அது காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் மெதுவாகக் கன்னாபினாலாக மாறுகிறது. அதாவது கேம்பிரிட்ஜ்காரர்கள் பிடித்தது, கெட்டுப்போன பின் மிஞ்சியதை. நவ்காவ் குடோன்காரனுக்கு இது எதுவும் தெரியாமலே விஷயம் தெரிந்திருக்கிறது.

நம்ம பக்கம்

சென்னை மாகாணத்தில் நவ்காவ் மாதிரி பெரிய ஏற்பாடு இல்லை. வீட்டுக் கொல்லையில் நாலு செடி, சாமியார் மடத்தில் நாலு செடி என்று சில்லறையாகத்தான் பல இடங்களில் இருந்தது. கொஞ்சம் சொல்லும்படியாகப் பயிரான இடங்கள் இரண்டு. ஒன்று அப்போதைய கிருஷ்ணா மாவட்டத்தில் பாபட்லா பக்கம் இருக்கும் தக்குபாடு. இன்னொன்று வட ஆற்காட்டில் ஜவ்வாது மலையை ஒட்டிய சந்தவாசல்.

சந்தவாசல்! இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரியும். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி வழியாகப் போனால் படவேட்டுக்கு முன்னால் வருகிற ஊர். சின்ன வயதிலிருந்து அந்த வழியாகப் போயிருக்கிறேன். கரும்பு ஜூஸ் குடித்திருக்கிறேன். அந்த ஊர் பேர் லண்டன் வரைக்கும் போன ஒரு அறிக்கையில் இருக்கும் என்று எவனாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கமிஷன் தடை செய்யச் சொல்லவில்லை. அளவாக உபயோகித்தால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை போட்டால் ஜனங்கள் அதைவிட மோசமான சரக்குக்குப் போவார்கள் என்பது பெரும்பான்மையினர் கருத்து. ராஜா சசி சேகரேஸ்வர ராயும் லாலா நிகால் சந்தும் இதை ஒப்புக்கொள்ளாமல் தனியாக எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பான்மையினர் சொன்ன வழி, வங்காள முறையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது. குறிப்பிட்ட ஊரில் மட்டும் பயிர், விளைந்தது எல்லாம் அரசாங்கக் கிடங்குக்கு, எடைக்கு வரி, பிறகு லைசென்ஸ் கடை. சென்னை மாகாணமும் அதற்குப் பிறகு இந்த வழிக்குத்தான் வந்தது. சந்தவாசலும் தக்குபாடும் கிடங்கு ஊர்கள் ஆயின.

யோசித்துப் பாருங்கள், இதனால் நஷ்டப்பட்டவன் யார்? கொல்லையில் நாலு செடி வைத்து, கூரை நிழலிலோ வெயிலிலோ தனக்குத் தெரிந்த மாதிரி காயவைத்துக்கொண்டவன். அவன் கைப்பக்குவம் ஒரே நாளில் குற்றம் ஆனது. செடி அதேதான், காயவைக்கும் இடம் மட்டும் மாறிவிட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தபோது அந்தச் சட்டத்தில் மதுவோடு போதை மருந்தும் சேர்ந்தே இருந்தது. 1961ல் ஐ.நா. ஒப்பந்தம். 1985ல் மத்திய அரசின் போதைப்பொருள் சட்டம். அந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி, நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் அரசு லைசென்ஸோடு பாங் கடை இருக்கிறது. ஆனால் செடியை வளர்த்தாலே பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கொல்லையில் இருந்தாலும் சரி, தொட்டியில் இருந்தாலும் சரி. 'சும்மா ஒரு செடிதானே மச்சி' என்று யோசிக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

காரணம் என்ற காலம்

நான் இதை எழுத உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது.

கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு அந்தக் காலத்தில் காட்டிய பெரிய ஆதாரம் மனநல விடுதி ரெஜிஸ்டர்கள். கமிஷன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1892ம் வருடத்தில் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் 'காரணம்' என்ற காலத்தில் கஞ்சா, பாங், சரஸ் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கேஸாக எடுத்து விசாரித்தார்கள். நம்ம பாஷையில் வவுச்சிங். முடிவில் மிஞ்சியது 98. அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காதது 61 மட்டும்.

மீதி எப்படி வந்தது? பைத்தியம் என்று பிடித்துவந்தவரின் விவரத்தாளை நிரப்பியது பெரும்பாலும் போலீஸ். காரணம் தெரியாவிட்டாலும் காலத்தை நிரப்பியாக வேண்டும். ஆள் கஞ்சா பிடிப்பவன் என்று யாராவது சொன்னால் போதும், எழுதிவிடுவார்கள். அதைப் பார்த்து டாக்டர் எழுதினார், அதைப் பார்த்து வருடாந்தர அறிக்கை எழுதினார்கள், அதைப் பார்த்துப் பாராளுமன்றத்தில் பேசினார்கள். ஒரு தப்பான என்ட்ரி லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் வரை போவது மாதிரிதான்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். எனக்கு ஒன்பதாவது கணக்கு சொல்லிக்கொடுத்தவர். திடீரென்று தனியாகப் பேச ஆரம்பித்தார், ராத்திரியில் நடக்க ஆரம்பித்தார். தெரு ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது: "கஞ்சா கேஸ்." அவங்க அம்மாவும் அதை நம்பினார். அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், போதை மறக்க வைக்கிறோம் என்று ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு டாக்டர் பொறுமையாகக் கேட்டு, இது மனநோய், முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இப்போது பரவாயில்லை. என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அந்த மூன்று வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அசாதாரண இழப்பு என்று எழுதினால் டேலி ஆகிவிடுமா?

கஞ்சா நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் ஆரம்பித்து அதிகமாகப் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்று இன்றைய மருத்துவ ஆய்வுகள் தெளிவாகவே சொல்கின்றன. அந்த 61 பேரும் மனிதர்கள்தான். தடை போட்டால் தீர்ந்தது, தடையை எடுத்தால் தீர்ந்தது என்றும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. 2023 மே மாதம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மரக்காணத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தவர்களை நினைத்தால் இரண்டு பக்கமும் வாயடைத்துப் போகிறது. டாஸ்மாக் இருந்தும் செத்தார்கள், கள்ளச்சாராயத்துக்குத் தடை இருந்தும் செத்தார்கள்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மண்டியில் ஈரம் என்று எழுதினாலும் சரி, ரெஜிஸ்டரில் கஞ்சா என்று எழுதினாலும் சரி, பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் எடை. அந்தக் கமிஷன்காரர்கள் செய்தது ஒரு நல்ல காரியம். 222 என்று எழுதியிருந்ததை நம்பாமல், ஒவ்வொன்றாகத் திருப்பி எடை போட்டார்கள்.

அடுத்த அறுவடைக்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "அதை வெச்சி மண்டிக்காரன்கிட்ட சண்ட போடப் போறியா?" என்று கேட்டார். சண்டை இல்லப்பா, வவுச்சிங் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் விலை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.